ஷூவைக் கழற்றிய இடம்

மாசி 5, ஞாயிறு

ஒரத்தநாடு ரோட்டில் இன்று பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஏழாவது கிலோமீட்டர் வரை பெண்களில் நான்தான் மூன்றாவது. அங்கே பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியைத் தண்ணீர் கொடுக்கும் வேன் அடைத்துக்கொண்டு நின்றது. முன்னால் போனவர்கள் ஷூவோடு நெல்லின் மேலேயே ஓடினார்கள். எல்லார் டீஷர்ட்டிலும் ‘விவசாயிக்காக ஓடுவோம்’ என்று போட்டிருந்தது.

எனக்கு மனசு வரவில்லை. நின்று, ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு கடந்தேன். நெல்லைக் காயப்போட்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

“சோறுதானே திங்கறீங்க? இப்படி மிதிச்சுட்டுப் போறீங்களே!”

மிதித்தவர்கள் போய்விட்டார்கள். நின்றவள் நான்தானே, திட்டும் எனக்குத்தான். அவர் திட்டி முடித்து நான் லேஸ் கட்டுவதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் அதே நெல்லை மிதித்துக்கொண்டு என்னைத் தாண்டிவிட்டார்கள். ஐந்தாவதாக வந்தேன்.

என் வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நீயும் மிதிச்சுட்டு ஓடியிருந்தா மெடல் வந்திருக்கும்ல?”

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவர்மேல் கோபம் நிற்கவில்லை. குனிந்து லேஸ் கட்டும்போது நானும் அதையேதான் நினைத்தேன்.