ஃப்ளோரா பெயரில் வந்த சர்டிபிகேட்

ஆண்டர்சன்பேட்டை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மாயாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், மெல்பர்ன் குளிரில் நீயும் காதைப் பொத்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பொறுமையாகப் படி. அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, மாத்திரையைக் காட்டினால் மட்டும் மறுபடியும் இருமுகிறார்.

எங்கள் பெங்களூர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண்களில் நோயாளி பராமரிப்புப் படிப்பு முடித்தவர்களை வார்டு வேலைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள் அல்லவா, அதற்காக நானும் என்கூட வேலை செய்கிற ஃப்ளோராவும் இந்துவும் காலை ரயிலில் ஒரு இலவச ஆன்லைன் படிப்புப் படித்தோம். இலவசம்தான், ஆனால் பாடம் முழுக்க இங்கிலீஷ், பங்காரப்பேட்டை தாண்டினால் சிக்னல் செத்துவிடும். வீடியோவில் வருகிற மேடம் புரிந்ததா என்று கேட்டுவிட்டு நம் பதிலுக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார், நாங்கள் நிறுத்தி நிறுத்தி ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொடுத்து முடித்தோம். ஃப்ளோராவின் போன்தான் பெரியது என்று அதிலேயே படித்து, பரீட்சையையும் அதிலேயே மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு எழுதினோம். சர்டிபிகேட் வந்தது, அதில் ஃப்ளோரா பெயர் மட்டும்தான் இருந்தது. தங்கச் சுரங்க மைனில் கேங்காக இறங்கி கேங்காக ஏறிய குடும்பங்கள், எங்களுக்கு வேறு புத்தி எங்கிருந்து வரும். “இன்னா ராணி, பரீட்சைக்கும் கேங்கா எறங்கிட்டீங்களா” என்று உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், நான் அழுதேன். “நீங்க ரெண்டு பேரும் இல்லாம நான் மட்டும் இன்னாத்துக்குக்கா போவணும்” என்று ஃப்ளோரா அடம்பிடித்தாள், நான்தான் அதட்டி அனுப்பினேன். இப்போது அவள் நீலச் சட்டை போட்டு வார்டில் நிற்கிறாள், அதே வார்டை நான் துடைக்கிறேன். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

என் பெயரில் தனியாகச் சேர்ந்து எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை என் போனிலேயே பரீட்சை, இந்துவும் அவள் வீட்டிலிருந்து எழுதுகிறாள். ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்க மறுநாள்தான் கடைசி, இதை விட்டால் துடைப்பம்தான். போன தடவை மாதிரி இல்லை, இப்போது கேமரா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்குமாம், பக்கத்தில் இன்னொரு தலை தெரிந்தால் பரீட்சை செல்லாதாம். “இந்த வயசுல எதுக்கும்மா, பேசாம வீட்ல இரு” என்று நீ அன்பாகத்தான் சொன்னாய், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை மாயா. உன்னை அவ்வளவு தூரம் அனுப்பும்போது எதுக்கு என்று நான் கேட்டேனா? இங்கிலீஷ் கேள்விகளை நினைத்தால் பயம்தான், இருந்தாலும் எழுதத்தான் போகிறேன். தோற்றாலும் இந்த முறை என் பெயரிலேயே தோற்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. புத்தரின் கருணை உன்னைச் சூழ்ந்திருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நிறைவாக இரு மகளே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலையில் நானாகக் கூப்பிடும்வரை நீ போன் செய்யக் கூடாது. நடுவில் போனை எடுத்தால் பரீட்சை அறுந்துவிடும், உன் போன் வந்தால் எடுக்காமல் இருக்க எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உன் அம்மா
ராணி