பையர் பார்க்கக் கூடாத பக்கம்

தரணியின் அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

இரண்டு வருடமாக, இட்லி வேகும் நேரத்திலும் தரணி வீட்டுப்பாடம் எழுதும் நேரத்திலும் உட்கார்ந்து, நம் கம்பெனியில் கழித்த பனியன் துண்டுகளையும் லேபிள்களையும் ஒட்டி, தைத்து, வரைந்து ஒரு புத்தகம் செய்தேன். "குப்பையை எதுக்கு அம்மிணி ஊட்டுக்குள்ள சேத்தி வெக்கறே?" என்றீர்கள். நேற்று நம்மிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வந்ததும் அதே குப்பையை என்னைக் கேட்காமல் எடுத்துப் போய், "எங்க டிசைன் டீம் பண்ணுனது" என்று காட்டியிருக்கிறீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நம் கம்பெனியில் வேலை செய்த அபிராமியின் பக்கத்தை ஏன் கிழித்தீர்கள்? விரல் துண்டான அன்று அவள் கையில் சுற்றியிருந்த துணி அது. செக்கிங்கில் இருந்தவளை, ஷிப்மென்ட் அவசரம் என்று பழக்கமில்லாத கட்டிங் மெஷினில் நிறுத்தியது நீங்கள்தான்.

"பையர் பாத்திருந்தா ஆர்டர் போயிருக்கும். உனக்கென்ன தெரியும்?" என்று காலையில் கத்தினீர்கள். தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கத்தைச் செய்தேன்.

பையர் இன்னும் பத்துப் புத்தகம் கேட்கிறாராம். செய்கிறேன். பத்திலும் அவள் பெயரும் விரல் போன தேதியும் இருக்கும். இந்த முறை அந்தத் தாளை நடுவில் வைத்து, எல்லாப் பக்கங்களையும் அதோடு சேர்த்துத் தைப்பேன். அதைக் கிழித்தால் மொத்தப் புத்தகமும் உங்கள் கையோடு வந்துவிடும்.

குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள்.

இப்போதைக்கு,
உங்கள் மனைவி