யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்காதவன்

ஹுத்தான் மெலிந்தாங், 1978

நல்லம்மா,

காலராவுக்காக எஸ்டேட் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். நீ சிலிபினில் அக்கா வீட்டிலேயே இரு.

எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. யாரும் தோளில் தட்டுவதில்லை, முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்வதில்லை. எல்லோரும் அவரவர் டம்ளரில்தான் குடிக்கிறார்கள். நான் யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று எத்தனை பேர் உன்னிடம் கோபித்துக்கொண்டார்கள்! நேற்று பக்கத்து வீட்டுப் பையன் பத்துமலை நம் வேலிக்கு அப்பால் நின்று, "அண்ணே, இப்ப எஸ்டேட்டே உங்க மாதிரி ஆயிருச்சுலா" என்றான். எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து உன் டம்ளரைக்கூட நான் தொட்டதில்லை. நீ போனதிலிருந்து அதில்தான் குடிக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

கேட் திறந்ததும் வா. திருப்பித் தந்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்