பனிமூட்டம் புகுந்த வீடு

அன்புள்ள ஜொய்சி அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். வீட்டுக் கூரையும் சுகம். உங்கள் ஆராய்ச்சியில் அது பறந்துபோனதற்கு நான் போட்ட சண்டையில் நீங்கள் கோபித்துக்கொண்டு பொகவந்தலாவைத் தங்கச்சி வீட்டுக்குப் போன பிறகு, ஒருமுறைகூட மறுபடி பறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி காயவில்லை என்று ஜொய்சி நீங்கள் கண்டுபிடித்த பனி உறிஞ்சும் மெஷினைப் போட்டுவிட்டாள். நிறுத்தத் தெரியவில்லை. டயகம மலையில் கிடந்த பனிமூட்டம் முழுவதும் நம் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் வந்துவிட்டது. வெளியே நல்ல வெயில். உள்ளே கண் தெரியாமல், நம் சின்ன மகன் என்று நினைத்து ஆட்டுக்குட்டிக்கு நான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து உங்கள் பரம எதிரி கஜேந்திரன், முகமூடியும் மின்னல் துப்பாக்கியுமாக மெஷினைத் திருட வந்தார். வந்தவர் அலமாரியில் முட்டிக்கொண்டு, "அக்கா, கதவு எந்தப் பக்கங்க?" என்று கத்தினார். கையைப் பிடித்து உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தேன்.

குடித்து முடித்ததும் அவரே தடவித் தடவிப் போய் மெஷினை நிறுத்தினார். பனி வெளியேறியது. ஆளில்லாத உங்கள் நாற்காலியைப் பார்த்தவர், முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"அண்ணன் இல்லாம நான் யாருகிட்டக்கா சண்டை போடுறது? எப்ப வருவாங்க?"

பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பிளேன்டீ ஊற்றினேன்.

பாவம், அந்த மனிதர் தினமும் வந்து கேட்கிறார். அவருக்காகவாவது வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி