ருசி பார்க்காமல் சுட்ட டோனட்

யெகாத்தித் 8, ஞாயிறு

நாளை பெருநோன்பு தொடங்குகிறது. இனி ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் கிடையாது. அதனால் இன்று கோழிக் குழம்பு வைத்தேன். மகள் மஹ்லெத் வருவாளோ மாட்டாளோ என்று தெரியாமலே தொடைத் துண்டை எடுத்து வைத்திருந்தேன். வந்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தவள், இப்போதுதான் மறுபடி வருகிறாள். அப்பன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மினிபஸ் தூரம்தான்.

இஞ்செரா ரொட்டியில் குழம்பைச் சுற்றி ஒரு கவளம் ஊட்டினேன். வாங்கிக்கொண்டாள். முன்பெல்லாம் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பாள். இன்று தண்ணீரை எடுத்துக்கொண்டாள். பதினோரு வயதாகிவிட்டது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “ஸ்கூல்ல அத்வா நாள் கொண்டாடுறாங்கம்மா. எங்க வகுப்புக்கு டோனட் வேணும். கொடி நிறத்துல. பச்சை, மஞ்சள், சிவப்பு. நோன்புக்கு ஆகுற மாதிரி.”

நம் நாடு இத்தாலிப் படையைத் தோற்கடித்த நாள் அது, கொடி இல்லாமலா. கடைக் கலர்ப் பொடி கூடாதாம். கிறிஸ்துமஸ் விழாவில் பொடி போட்ட கேக்கைத் தின்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் தடை போட்டுவிட்டார்கள். காய், இலை, கிழங்கு, இவற்றிலிருந்துதான் நிறம் எடுக்க வேண்டும்.

செய்வியா என்று கேட்கவில்லை. நீ செய்வே என்றாள்.

அங்கே சித்தி என்று செப்லே இருக்கிறாள், கடையில் வாங்கப் பணம் இருக்கிறது. இருந்தும் என்னிடம் வந்து கேட்டாளே. இவ்வளவு நேரமாக அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியம்.

யெகாத்தித் 10, செவ்வாய்

கோர்ட்டில் நீதிபதி அம்மாள் மஹ்லெத்திடம் யாரோடு இருக்கப் போகிறாய் என்று கேட்டபோது இவள் என்னைப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவோடு என்றாள். பார்க்காமல் சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவள் அப்பன் கெட்நெட் அப்போது கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான், அழுகிறானாம். எட்டு மாதத்தில் செப்லேயைக் கட்டிக்கொண்டான்.

சரி. அதை எதற்கு இப்போது எழுதுகிறேன். டோனட்டைப் பற்றி எழுது.

யெகாத்தித் 12, வியாழன்

எண்ணெயில் பொரித்தால் மூன்று நிறமும் ஒரே பழுப்பாகிவிடும். சுடத்தான் வேண்டும். ஜெய்னெபாவிடம் அடுப்பு இருக்கிறது. எங்கள் பொது முற்றத்தில் மின்சார அடுப்பு வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான், விடிகாலையில் ரொட்டி சுட்டு விற்கிறாள். பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து மாவில் ஊற்றினேன். பிசையும்போது கண்ணைப் பறிக்கிற சிவப்பு. வெந்து வந்தால் செங்கல். மஞ்சள்தூள் போட்டது அதைவிட மோசம். சோடா உப்பு போட்டிருந்தேன், மஞ்சள் துருப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கீரைச்சாறு மட்டும் பாவம், முடிந்தவரை பச்சையாக இருந்தது.

“இத்தாலிக்காரன் பார்த்தா அவனே ஜெயிச்சதா நினைச்சுக்குவான்,” என்றாள் ஜெய்னெபா.

ருசி எப்படி என்று கேட்டேன். அவளுக்கு நேற்று ரமலான் தொடங்கிவிட்டது, நான் மறந்தே போனேன். எனக்கோ பிற்பகல் பூசை முடியும் வரை பச்சைத் தண்ணீர் கிடையாது. இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எதிரே பூனை நின்றது, அதுவும் முகர்ந்துவிட்டுப் போனது.

யெகாத்தித் 14, சனி

கண்டுபிடித்துவிட்டேன். சிவப்பை மாவில் போடக் கூடாது, மேல்பூச்சில் போட வேண்டும். அரைத்த சர்க்கரையில் பச்சைப் பீட்ரூட் சாறு, இரண்டு சொட்டு எலுமிச்சை. ஆறிய டோனட்டைக் கவிழ்த்து முக்கி எடுத்தால் பட்டுத்துணி மாதிரி பளபளக்கிறது. கீரையும் அப்படியே. மஞ்சள்தான் இன்னும் வெளுத்துக் கிடக்கிறது. கொடியின் மஞ்சள் அப்படியா இருக்கும்? சோடாவை விட்டுவிட்டு ஈஸ்டில் பொங்கவிட்டேன். நடு ஓட்டைக்குச் சின்னக் காபிக் கோப்பையை வைத்து அழுத்தி எடுக்கிறேன். பால் இல்லை, முட்டை இல்லை, ஆனாலும் பஞ்சு மாதிரி பிய்கிறது.

எனக்கு எதிலும் இத்தனை வீம்பு வந்து நாளாயிற்று.

யெகாத்தித் 15, ஞாயிறு

மஹ்லெத் வரவில்லை. ஞாயிறென்றால் காலைப் பூசை முடிந்ததும் சாப்பிடலாம், வந்தால் அவளையே ருசி பார்க்கச் சொல்லலாம் என்று நான்கு எடுத்து வைத்திருந்தேன். முற்றத்துப் பிள்ளைகள் தின்றுவிட்டன. நல்லா இருக்கா என்றால் இன்னும் இருக்கா என்கின்றன. அதுகளிடம் போய்க் கேட்டேனே.

யெகாத்தித் 17, செவ்வாய்

ஜெய்னெபாவோடு பேச்சில்லை.

ரொட்டி அடுக்கிக்கொண்டே சொல்கிறாள்: “உன் பொண்ணு வரப்பல்லாம் ஏதாவது கேட்டுட்டுத்தான் போறா. கவனிச்சியா? மழை விட்டதும் மிளகாய்ப் பொடி. கிறிஸ்துமஸுக்கு அந்தச் சால்வை. இப்ப இது.”

பெற்றவளிடம் பிள்ளை கேட்காமல் தெருவில் போகிறவனிடமா கேட்கும் என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் அடுப்பறைச் சாவியை மட்டும் என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சால்வை மஹ்லெத்துக்குப் பெரியது. நான் அளவெடுத்துத்தான் வாங்கினேனா? இல்லை. அவள் சொன்ன அளவில் வாங்கினேன்.

யெகாத்தித் 19, வியாழன்

நாளை விழா. மின்சாரம் போய்ப் போய் வந்தது, இருந்தும் முடித்துவிட்டேன். தட்டு தட்டாக மூன்று நிறம். மஞ்சளுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை, மஞ்சள்தூள் இன்னும் ஒரு கரண்டி போட்டேன், பிறகு இன்னும் ஒன்று. இப்போது கொடியேதான்.

வெள்ளைப் பருத்தி உடுப்பைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். ஓரத்தில் மூன்று நிறக் கரை உள்ளது.

யெகாத்தித் 20, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பிள்ளைகள் சிங்கப்பிடரித் தொப்பியும் அட்டைக் கேடயமுமாக மைதானத்தில் நின்றார்கள். என் தட்டுகளை நீளமான மேசையில் வைத்தார்கள், பச்சை ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை, சிவப்பு ஒரு வரிசை. எல்லாரும் படம் எடுத்தார்கள். செப்லே முன்வரிசையில் இருந்தாள். என் சால்வையைப் போர்த்தியிருந்தாள். நான் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சால்வை.

வகுப்பாசிரியை மைக்கில் சொன்னாள்: “பெற்றோர் கூட்டத்துல டோனட் என் பொறுப்புன்னு சொன்னாங்க, சொன்னபடியே செஞ்சுட்டாங்க. மஹ்லெத்தோட அம்மாவுக்கு ஒரு கைத்தட்டு.” சொல்லிவிட்டுச் செப்லே பக்கம் கையைக் காட்டினாள். செப்லே எழுந்து தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். கூச்சப்படுகிற மாதிரிகூட இருந்தது.

மஹ்லெத் என்னைப் பார்த்தாள். பிறகு கேடயத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, என் வயிற்றில் கிடந்தவளே, ஒரே ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு தேஞ்சா போயிடும்?

அப்போ வகுப்பு கேட்கலை. நீயும் கேட்கலை. அவ கேக்கச் சொல்லி அனுப்பினா. நான் உனக்குன்னு நினைச்சு —

மேசைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் ஆசிரியை வந்தாள். நீங்க மஹ்லெத்துக்கு என்ன வேணும் என்று கேட்டாள். பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றது. இத்தனை பேருக்கு முன்னால் அவளைப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லை.

“சொந்தம்தான்,” என்றேன்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. யாரும் தின்னவில்லை. முட்டை இருக்கிறதா, வெண்ணெய் இருக்கிறதா என்று பத்து பேர் கேட்டார்கள், பத்து பேருக்கும் செப்லே சத்தியம் செய்தாள். பிறகு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தவக்கால வெள்ளிக்கிழமை, காலை நேரம். எதில் செய்தால் நோன்புக்கு ஆகும் என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், எப்போது தின்னலாம் என்று எனக்கே உறைக்கவில்லை. காலி வயிற்றோடு சுட்டு, காலி வயிற்றோடு சுமந்துகொண்டு போனவள் நான். முஸ்லிம் பிள்ளைகளும் உமிழ்நீரை விழுங்கிக்கொண்டு நின்றன. வெயிலில் சிவப்புப் பூச்சு உருகி மேசைவிரிப்பில் ஒழுகியது. நோன்பு இல்லாத பெந்தெகொஸ்தேக்காரக் காவலாளி மட்டும் பச்சையில் இரண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

வீணாகக் கூடாது, சாயந்தரம் எங்க வீட்டுக்கு ஆட்கள் வராங்க என்று சொல்லிச் செப்லே மொத்தத்தையும் காரில் ஏற்றினாள். நான் ஏற்றிக் கொடுத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

யெகாத்தித் 21

ஒன்றும் இல்லை.

யெகாத்தித் 23, திங்கள்

அத்வா நாள். புனித ஜார்ஜ் நாளும் இன்றே. தெருவெல்லாம் கொட்டும் ஆட்டமும். கோயிலுக்குப் போனேன். என்ன வேண்டுவது என்று தெரியாமல் நின்றுவிட்டு வந்தேன். செப்லே நாசமாகப் போகட்டும் என்று வேண்டலாம், நோன்பு கெட்டுவிடும்.

கெட்நெட் தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். கழுவியிருந்தது. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவனும் காரை அணைக்கவில்லை. ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாங்க பெலாய் என்று என் பேரைச் சொல்லிப் பேசினான். நீ தின்னியா என்றேன். எனக்குச் சர்க்கரை என்றான். என்னோடு இருந்த வரை இல்லாத சர்க்கரை.

யெகாத்தித் 27, வெள்ளி

ஜெய்னெபாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நான் சொன்னேன் பார்த்தியா என்று அவள் சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். சொல்லவில்லை. நோன்பு துறக்கிற நேரம், சம்பூசாவை எடுத்து நீட்டினாள், உள்ளே உருளைக்கிழங்குதான் தின்னு என்றாள்.

மெகாபித் 2, புதன்

மஹ்லெத் போன் பண்ணினாள்.

செப்லேயின் அக்காவுக்கு ஆண் குழந்தையாம், நாற்பதாம் நாள் ஞானஸ்நானம். நோன்புக்குள் வருகிறது, அதனால் மறுபடி அதே டோனட் வேண்டும். ஆண் குழந்தை என்பதால் நீல நிறம். வானம் மாதிரி. இலையும் பூவும் வைத்து அலங்காரம். மனப்பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னாள்.

“மஞ்சள் மட்டும் வேண்டாமாம்.”

“ஏன்?”

“கசந்துச்சும்மா. எல்லாரும் ஒரு கடி கடிச்சிட்டு வச்சுட்டாங்க.”

கசந்ததா. இரண்டு கரண்டி கூடப் போட்டேனே, கசக்காமல் என்ன செய்யும். நிறத்தைப் பார்த்தேன், நாக்கில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை எனக்கு.

என் புத்தி எப்படிப்பட்டது என்றால், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊதா முட்டைக்கோஸை வேகவைத்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா போட்டால் நீலம் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. சந்தைக்கு எப்போது போகலாம் என்றுகூட யோசித்துவிட்டது. நாய் புத்தி.

முடியாது என்றேன்.

கட் பண்ணிவிடுவாள் என்று நினைத்தேன்.

“நீ முடியாதுன்னு சொல்லணும்னு வேண்டிக்கிட்டுத்தான் போன் பண்ணேன்,” என்றாள். “உங்கிட்ட வந்தாலே ஏதாச்சும் கேக்கத்தான் வர்ற மாதிரி ஆயிடுச்சு. வெக்கமா இருக்கும்மா.”

அன்று மைதானத்தில் அந்த வெட்கம் எங்கே போயிருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். வேறு ஒன்று வந்தது.

“கடிச்சு வச்ச மஞ்சளையெல்லாம் என்ன செஞ்சாங்க? குப்பையிலயா?”

“இல்ல. நான் தின்னுட்டேன்.”

“கசந்துச்சுன்னியே.”

“ஆமா,” என்றாள். “கசந்துச்சு.”

மன்னிப்பு கேட்கவில்லை. நானும் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அப்படியெல்லாம் ஒரே போனில் ஆறிவிடாது.

மெகாபித் 6, ஞாயிறு

காலைப் பூசைக்குப் பிறகு கடலைமாவில் ஷிரோக் குழம்பு வைத்தேன். ருசி பார்த்துத்தான் இறக்கினேன்.

மஹ்லெத் தனியாக மினிபஸ்ஸில் வந்தாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரு கவளம் ஊட்டினேன். மென்றுகொண்டே தட்டைப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்தாள்.

கிளம்பும்போது செருப்பை மாட்டினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இப்போது என்ன கேட்கப் போகிறாளோ என்று. இங்கேயே வந்துவிடுகிறேன் என்று சொல்ல மாட்டாள், அது எனக்குத் தெரியும். அவள் அறை அங்கேதான் இருக்கிறது, அவள் கட்டில் அங்கேதான். கோர்ட்டில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மாட்டாள்.

“அடுத்த வாரம் ஷிரோ வேண்டாம்மா,” என்றாள். “எனக்குப் பருப்பு வை.”