ஒரு கைக்கு வாங்கிய விளையாட்டு

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. குவார்ட்டர்ஸ் பின்கதவு ஊறிப்போய் இழுத்தாலும் மூடவில்லை.

டி.வி.யில் நான் ஆடும் படகு வீடியோ கேம் போச்சு. மதியம் டி.வி. முன்னால் உட்கார்ந்தால் புது முகப்பு, புது மியூசிக், ஆற்றுத் தண்ணீரெல்லாம் பளபள. "ஒரு கை" என்றிருந்த செட்டிங்கை மட்டும் காணோம். இனி இரண்டு பக்கப் பட்டனையும் சேர்த்து அமுக்கினால்தான் படகு நகருமாம். போன வருஷம் ஸ்கூட்டரில் விழுந்ததிலிருந்து எனக்கு வலது கை சும்மா தொங்குகிறது. ஒரு கையால் ஆடலாம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான், அதற்காகவே காசு கொடுத்து வாங்கினேன்.

ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"காலைல அப்டேட் பெண்டிங்னு காட்டிச்சு. அமுக்கிட்டுப் போனேன்." நல்லது செய்த முகம்.

மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெயின்டனன்ஸ் வேலை. பெண்டிங் என்று எதையாவது பார்த்துவிட்டால் இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. குக்கர் வாஷர், குழாய் ஒழுகல், என் மாத்திரை, எதுவும் பாக்கி நிற்கக் கூடாது. சண்டை. பேச்சில்லை.

நவ. 5, புதன்

வெயில். துணி காய்ந்தது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்த்தேன். புதுசுதான் வந்து உட்காருகிறது. கம்பெனிக்கு எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் பதில். மெஷின் பதில். நான் வாங்கியது விளையாட்டை இல்லையாம், விளையாடும் அனுமதியையாம். அப்போ புடவை வாங்கினால் கட்டிக்கொள்ள அனுமதியா? பாதியில் வந்து முந்தானையை வெட்டிக்கொண்டு போவானா?

செய்ய:
ரசீது மெயில் தேட
பழைய விளம்பரத்தைப் படம் பிடிக்க, கம்பெனிக்காரன் தூக்குவதற்குள்
கடலூர் நுகர்வோர் சங்கம், போன்
இட்லி மாவு

நவ. 6, வியாழன்

சங்கத்தில் ஓர் அம்மா எடுத்தார். நான் கேமுக்குப் போய் இவ்வளவா என்று இழுத்தேன்.

"கேமா இருந்தா என்னம்மா? இருக்குன்னு சொல்லி வித்துட்டு அப்புறம் பிடுங்கினா அது குறைபாடுதான். முதல்ல நோட்டீஸ் போடுங்க. அசையலன்னா நுகர்வோர் கமிஷன்ல கேஸ் போட்டுடலாம்."

"ஜெயிக்குமாங்க?"

"அதை இப்ப சொல்ல முடியாது. ஆனா கேக்கலாம்."

நோட்டீஸ் எழுதினேன். இவர் பின்னால் நின்று படித்துவிட்டு, "இதையும் சேர்த்துப் போடு. எங்க பெல்ட்ல ரிப்பேர் பண்ணா, ஓட்டுறவன் ட்ரையல் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் ஒப்படைக்க மாட்டோம். இவனுங்க யாரைக் கேட்டானுங்க?"

"நீங்க யாரைக் கேட்டீங்க?"

முகம் சுண்டிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னது நல்ல பாயிண்ட், சேர்த்துக்கொண்டேன்.

நவ. 9, ஞாயிறு

மழை. மத்தி மீன் குழம்பு, உப்பு கூடிவிட்டது.

சாயங்காலம் இவர் ஒட்டி உட்கார்ந்து, "வலது பக்கம் நான், இடது பக்கம் நீ" என்றார். நாக்கைத் துருத்திக்கொண்டு அமுக்குகிறார். படகு பாலத்தில் போய் மோதுகிறது, திரும்பவும் மோதுகிறது. முதலில் சிரித்தேன். அப்புறம் தாங்கவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதேன்.

தலை பின்னிவிடுகிறார். கொசுவம் பிடிக்கிறார். மீன் முள் எடுத்துத் தருகிறார். எல்லாம் பிரியமாகத்தான். பிரியமாகச் செய்வதால் கத்தவும் முடிவதில்லை. அந்தப் படகை மட்டும் நானாக ஓட்டினேன். அதிலும் இப்போது பக்கத்தில் ஒரு கை.

நவ. 13

நோட்டீஸ் அனுப்பி ஒரு வாரம், பதில் இல்லை. மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறேன். பால் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை.

நவ. 18, செவ்வாய்

பதில்! இந்தத் தடவை மனுஷர் எழுதியது. முழுப் பணமும் திருப்பித் தருவார்களாம், புகாரை முடித்துக்கொண்டதாக நான் எழுதிக் கொடுத்தால். அந்தச் செட்டிங் திரும்ப வராது.

இவருக்கு ஒரே சந்தோஷம். "ஜெயிச்சுட்ட! இதை வெச்சு வேற நல்லதா வாங்கிக்கலாம்."

"வேணாம்."

"முழுசா தர்றான். பின்ன என்னதான் வேணும் உனக்கு?"

"உங்க கை இல்லாம ஒண்ணு வேணும்."

சொன்ன பிறகுதான் சுரீரென்றது. நான் லேப்டாப்பைத் திறந்து பதில் எழுத ஆரம்பித்தேன். இடது கை, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி.

"நான் அடிக்கட்டா, சீக்கிரம்..." என்று கை நீட்டியவர், பாதியில் இழுத்துக்கொண்டார்.

பணம் வேண்டாம், கமிஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் அடித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.