நடத்தாமல் விட்ட பாடம்

18-1-1988, திங்கள்
மூன்றாம் ஆண்டு வரலாறு வகுப்புக்கு இன்று அமெரிக்கா. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் அந்த ஜனங்கள் வாழ்ந்த வாழ்க்கை. தவணையில் கார், வீட்டுக்கு வீடு ரேடியோ, கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு வேலைக்குப் போன பெண்கள் என்று சொல்லச் சொல்ல, பெண்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு ராஜபாளையம் வருவதற்கு இப்படி ஒரு நாள் போதும்.

21-1, வியாழன்
பிரசவ விடுப்பு கேட்ட தமிழ் டியூட்டரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தாவரவியல் தேவஇரக்கம் கல்லூரிச் செயலாளரிடம் நியாயம் கேட்கப் போனான். "நீயும் வாலே" என்று துணைக்கு என்னையும் கூட்டிப்போனான். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். செயலாளர் கத்தினார். இவன் கையைப் பின்னால் கட்டியபடி, "விதி என்ன சொல்லுதுன்னுதான் கேக்கேன் சார்" என்றான். நடந்தது அவ்வளவுதான்.

25-1
தேவஇரக்கம் சஸ்பெண்ட். செயலாளரை அடிக்கக் கை ஓங்கினானாம்.

2-2, செவ்வாய்
விசாரணை. சாட்சி நான் ஒருவன்தான்.
"கை ஓங்கினாரா?"
"நான் கவனிக்கலை சார்."
கவனிக்கவில்லையா? பக்கத்திலேயே நின்றுகொண்டு? தேவஇரக்கம், சரியாகக் காதில் விழவில்லை என்பது போல, முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினான்.
வீட்டில் ஜயலக்ஷ்மி, "என்ன சொன்னேள்?" என்றாள். நடந்ததைத்தான் என்றேன். பெண்டாட்டியிடமும் பொய்.

8-2
தேவஇரக்கம் நியாயம் கேட்டுக் கல்லூரி வாசலில் உட்கார்ந்துவிட்டான். நான் சைக்கிள் ஸ்டாண்டு வழியாக உள்ளே போகிறேன்.

10-2, புதன்
முப்பதுகளின் அமெரிக்க வேலைநிறுத்தம் நடத்த வேண்டிய நாள். கார்த் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்ட தொழிலாளிகள். குளிரில் ஹீட்டரை நிறுத்தியும் எழவில்லை. ஜன்னல் வழியாகச் சாப்பாடு வாங்கித் தின்றார்கள். எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து வாசல் தெரிகிறது. "இது பரீட்சைக்கு வராது" என்று பக்கத்தைப் புரட்டினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சீ.

20-4
பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்துவிட்டது. வன்னியம்பட்டி முத்தாத்தாள் ஹாலுக்கு வெளியே என்னிடம் வந்தாள்.
"நீங்க அத நடத்தலையே சார். பொறவு, வாசல்ல தேவஇரக்கம் சார் உக்காந்திருக்காவல்லா, அவியள நெனச்சு எழுதிட்டேன். வீட்டுலேர்ந்து சோறு வாரத, போலீஸ் வந்து நின்னத, அம்புட்டையும். ஊர் பேர மட்டும் அமெரிக்கான்னு போட்டேன். தப்பா சார்?"
"தப்பில்லம்மா."
குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. என்ன வாத்தியான் நான் —

14-6
மதுரையிலிருந்து கல்வித் துறை அதிகாரி வந்து மறுவிசாரணை. யாரும் கூப்பிடுமுன் போய்ச் சொன்னேன்: "அவர் கை ஓங்கலை. பின்னால கட்டியிருந்தார்."
"அன்னைக்கு ஏன் சொல்லலை?"
"பயமா இருந்தது."
அதிகாரி எழுதிக்கொண்டார். ஜயலக்ஷ்மியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "அந்த டியூட்டருக்குக் குழந்தை பிறந்துடுத்தா?" என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை. விசாரிக்கக்கூட இல்லையே நான்.

18-7, திங்கள்
தேவஇரக்கம் மறுபடி வேலையில் சேர்ந்தான். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ. வரட்டும். ஆசிரியர் அறையில் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு போய்க் கையை நீட்டினேன். பிடித்துக் குலுக்கினான்.
"ரொம்ப நன்றி சார்" என்றான்.
இத்தனை வருஷமும் என்னிடம் வாலே போலே என்றுதான் பேசியிருக்கிறான்.